கணனியில் எழுதியவை நிலைக்குமா?

'இயேசு' என்னும் திருநாமத்தைப் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணனியில் திறந்து பார்ப்பவருக்குத் திரையில் தெரிவது ஒரு காற்புள்ளியும், என், ஏ, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுமே. 'தமிழ்' என்ற சொல்லோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் நிற்கும். எழுதியவர் பிழை விடவில்லை. கணனியும் பழுதாகவில்லை. ஆயினும் வாசிக்க வந்தவருக்கு அங்கே தமிழ் இல்லை.

எமது பங்குகளில் கணனி வந்த நாள்முதல் எத்தனையோ எழுத்துகள் இவ்விதம் பாமினியில் ஏறியுள்ளன. திருவிழா மலர்கள், நவநாட் செபங்கள், பாட்டுத் தாள்கள், மறைக்கல்விப் பரீட்சை வினாக்கள், பங்கு வரலாறுகள், குடும்ப விபரங்கள், இடம்பெயர்ந்த காலத்தில் எடுத்த கணக்குகள், போரில் மாண்டோரின் பெயர்ப் பட்டியல்கள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுட் பல ஒரே கணனியில், ஒருவருக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் கிடக்கின்றன. தட்டெழுதிய பிள்ளை இன்று கனடாவிலோ பிரான்சிலோ இருக்கலாம். கணனியைத் திருத்த வந்தவர், விளங்காத ஏதோ ஆங்கிலக் குப்பை என்று எண்ணி அவற்றை அழித்துவிடவும் கூடும்.

கணனிப் பாவனை பற்றிச் சொல்ல எத்தனையோ உண்டு. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே: எழுதியதை இழந்துவிடாமற் பேணுவது எவ்வாறு? பங்குப் பணிமனையிலும் பாடசாலையிலும் வீட்டிலும் கணனியைப் பாவிக்கும் சாதாரண மக்களை மனதிற்கொண்டே இது எழுதப்படுகிறது.

எழுத்தும் எண்ணும்

கணனிக்கு எழுத்துத் தெரியாது. எண் மாத்திரமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணையே அது சேமித்து வைக்கிறது. ஆங்கிலச் சிறிய எழுத்தாகிய 'எம்' என்பதன் எண் 109. இது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. தமிழுக்கு அவ்வாறான பொது எண்கள் வழக்கில் வராத நாட்களில், எழுத்துரு அமைத்தோர் ஓர் உபாயம் செய்தனர். 109 என்ற எண்ணுக்குரிய இடத்திலிருந்த ஆங்கில உருவை எடுத்துவிட்டு, அங்கே 'அ' என்ற உருவை வரைந்து வைத்தனர். விசையை அழுத்தினால் திரையில் 'அ' தெரியும்; தாளிலும் 'அ' அச்சாகும். ஆனால் கணனி தன்னுள்ளே வைத்திருப்பது ஆங்கில 'எம்' தான். எமது நாட்டுக்கூத்திலே முடியும் உடுப்பும் தரித்து அரசனாய் வந்தவர், அவற்றைக் களைந்ததும் பக்கத்து வீட்டுக்காரராகிவிடுவதைப் போன்றது இது. எழுத்துரு என்ற உடுப்பு இருக்கும்வரை அது தமிழ்; உடுப்புக் கழன்றால் ஆங்கிலம்.

பாமினியைப் பழிக்க நாம் வரவில்லை. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது இசைந்து கொடுத்தது. அச்சகங்களும் அலுவலகங்களும் அதனாலேயே தமிழில் வேலை செய்யத் துணிந்தன. அச்சடித்த தாளே முடிவான பொருள் என்றிருந்த காலத்தில் அது போதுமானதாகவும் இருந்தது. இன்றோ தாளைவிடக் கோப்பே பல கைகளுக்குப் போகிறது. குறை வெளிப்பட்டது இதனாலேயே.

இக்குறையைத் தீர்ப்பது யூனிகோட் என்னும் பொது ஒழுங்கு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அங்கே 'அ' என்பதன் எண் 2949. 'க' என்பதன் எண் 2965. இந்த எண்கள் வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியனவல்ல. விண்டோஸ் கணனிகளில் இவ்வகைத் தமிழைக் காட்டும் வசதி 2000ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்தது; 'லதா' என்ற எழுத்துரு அதனுடன் கிடைத்தது. இன்று விண்டோஸில் 'நிர்மலா', கைத்தொலைபேசிகளில் 'நோட்டோ' எனப் பல எழுத்துருக்கள் உள. எதை மாற்றினாலும் எழுத்தின் வடிவம் மாறுமேயன்றி எழுத்து மாறாது.

இதனால் வரும் பயன் சிறிதன்று. யூனிகோட்டில் எழுதிய பங்கு வரலாற்றில் 'மரியாம்பிள்ளை' என்று தேடினால் அந்தப் பெயர் வரும் இடமெல்லாம் காட்டும். பெயர்களை அகரவரிசைப்படுத்தலாம். பார்வையிழந்த ஒருவர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் துணையால் அதைக் காதாற் கேட்கலாம். பாமினிக் கோப்பை அதே மென்பொருளிடம் கொடுத்தால் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளை உச்சரிக்கும். செபப் புத்தகம் ஒன்றைத் தட்டெழுதுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எதில் எழுதப்பட்டது என்று அறிவது எப்படி?

மிக எளிது. கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் தெரிவு செய்து, எழுத்துருவை 'டைம்ஸ் நியூ ரோமன்' என்று மாற்றிப் பாருங்கள். தமிழ் மறைந்து ஆங்கிலம் வந்தால் அது பாமினி அல்லது அதையொத்த பழைய எழுத்துரு. தமிழாகவே நின்றால் யூனிகோட். எழுத்துருவை மாற்றத் தெரியாதவர், அந்த வரியைப் பிரதி செய்து மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ ஒட்டிப் பார்க்கலாம். அங்கும் இதே விடைதான் கிடைக்கும். பார்த்த பின்னர் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும்.

பாமினியை யூனிகோட்டாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'பாமினி யூனிகோட் மாற்றி' என்று கூகிளிற் தேடினால் பல இணையப் பக்கங்கள் வரும். ஒரு பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டி, எழுத்துருவின் பெயரைத் தெரிவு செய்து, விசையை அழுத்தினால் மறு பெட்டியில் யூனிகோட் தமிழ் வந்துவிடும். அதைப் புதிய கோப்பொன்றில் ஒட்டிச் சேமிக்கலாம். பழைய கோப்பின்மேல் எழுதிவிடக் கூடாது. மாற்றத்திற் பிழை நேர்ந்தால் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டியிருக்கும்.

பிழை நேருமா என்று கேட்டால், நேரும். இவ்விடத்திற்றான் பொறுமை வேண்டும். முதலாவது, ஆங்கிலச் சொற்கள். ஒரு பக்கத்தில் தமிழுக்கு நடுவே ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று எண்ணி விசித்திரமான தமிழாக்கிவிடும். அவற்றை மூலத்தைப் பார்த்து மீண்டும் எழுத வேண்டியதே. எண்களுக்கு இந்த ஆபத்தில்லை. ஆண்டுகளும் திகதிகளும் அப்படியே நிற்கும்.

இரண்டாவது, நுட்பமானது. 'ர்' என்ற எழுத்தும், கால் என்று நாம் சொல்லும் 'ா' குறியின்மேல் புள்ளி வைத்ததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் பாமினியில் தட்டெழுதியோர் பெரும்பாலும் 'அவர்' என்ற சொல்லுக்குக் காலை அழுத்திப் புள்ளி வைத்தனர். தாளில் வேற்றுமை தெரியாது. நல்ல மாற்றிகள் இதை உணர்ந்து 'ர்' ஆக்கிவிடும். சில மாற்றிகள் காலாகவே விட்டுவிடும். அப்போது கண்ணுக்கு 'அவர்' போலத் தெரிவது கணனிக்கு வேறாகும். 'ஆயர்' என்று தேடினால் அகப்படாது, 'குருவானவர்' அகப்படமாட்டார். மாற்றி முடிந்ததும் 'அவர்' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கண்முன்னே அச்சொல் இருந்தும் கணனி இல்லையென்றால் இக்கோளாறுதான். 'கண்டுபிடித்து மாற்று' என்ற வசதியால் காலும் புள்ளியும் சேர்ந்ததை 'ர்' என்று ஒரே தடவையில் முழுக் கோப்பிலும் மாற்றிவிடலாம்.

மூன்றாவது 'ஔ'. 'ஒ' வையும் 'ள' வையும் அடுத்தடுத்து எழுதி 'ஔவையார்' ஆக்கும் பழக்கம் எம்மிடையே உண்டு. இதனையும் திருத்தினால் நன்று. திருத்தாவிட்டாலும் வாசிப்பதற்கு இடையூறில்லை.

பெயர்கள் வரும் கோப்புகளை இருவர் இருந்து சரிபார்ப்பது உத்தமம். ஒருவர் பழைய அச்சுப் பிரதியை வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதிய காலத்தில் எம் முன்னோர் செய்ததும் இதுவே. பனையோலை நெடுங்காலம் தாங்காது, செல்லரிக்கும், ஒடியும். பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் எழுதப்பட்ட நூல்கள் எமக்குக் கிடைத்தன. எழுதப்படாதவை மறைந்தன. பாமினிக் கோப்பும் இன்று அந்தப் பழைய ஏட்டின் நிலையில்தான் இருக்கிறது.

அந்தரங்கம் காத்தல்

இணையப் பக்கத்திலுள்ள பெட்டியொன்றில் ஓர் எழுத்தை ஒட்டினால், அது நாம் அறியாத ஒருவருடைய கணனிக்குப் போகக்கூடும். திருவிழா மலரின் வாழ்த்துச் செய்தி போனால் நட்டமில்லை. ஆனால் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் விவாகப் பதிவேட்டிலும், பிறப்பு, பெற்றோர், தத்து, முந்திய விவாகம் முதலிய செய்திகள் உள்ளன. குடும்பப் பதிவில் இன்னும் பல உண்டு. இவற்றை எங்கோ உள்ள இணையப் பக்கத்தில் ஒட்டுவது, பதிவேட்டை ஆலய வாசலில் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். எமது பாராளுமன்றம் 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டம் இல்லாதிருந்தாலும், பங்கு மக்கள் நம்பி ஒப்படைத்ததைக் காப்பது எமது கடமையாகும்.

இத்தகைய கோப்புகளுக்குக் கணனியிலேயே நிறுவி, இணையத் தொடர்பின்றி இயங்கும் மாற்றிகளைப் பாவிக்க வேண்டும். சென்னையிலிருந்து வெளிவந்த என்.எச்.எம். கன்வேர்ட்டர் அவ்வகையைச் சேர்ந்தது. மாற்றும் நேரத்தில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டால் மனம் அமைதியாயிருக்கும்.

இனி எழுதுவது

பழையதை மாற்றுவதில் பாதி நாட்களைச் செலவிட்டுவிட்டு, புதியதை மீண்டும் பாமினியில் எழுதுவோரும் உளர். கேட்டால், 'விரல் பழகிவிட்டது' என்பர். இது நியாயமான பதிலே. ஐம்பது வயதில் புதிய விசைப்பலகை பழகச் சொல்வது கொடுமை. ஆனால் அதற்குத் தேவையும் இல்லை. இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களில் பாமினி விசை ஒழுங்கையே தெரிவு செய்யலாம். விரல்கள் பழைய இடத்திலேயே செல்லும். திரையிலோ யூனிகோட் வரும். ஒருமுறை நிறுவினாற் போதும்.

தட்டெழுதவே தெரியாதவர் கைத்தொலைபேசியிலுள்ள ஒலிவாங்கிக் குறியை அழுத்தித் தமிழிற் பேசினால் அது எழுத்தாக வரும். பேச்சுத் தமிழை விட, சற்று நிதானமாய், எழுத்து நடையிற் பேசினால் பிழைகள் குறையும். எமது பங்குகளில் எண்பது, தொண்ணூறு வயதடைந்த மூப்பர்மார் இருக்கின்றனர். பழைய ஆலயம் எங்கே இருந்தது, எந்தக் குருவானவர் காலத்தில் மணிக்கூண்டு எழுந்தது, எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்து குடியேறியது என்பவற்றை அவர்களே அறிவர். பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்திலிருந்து கைத்தொலைபேசியைப் பிடித்தால், ஒரு பின்னேரத்தில் பல பக்கங்கள் சேர்ந்துவிடும். பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியை வேறெதற்கெல்லாமோ பிடிக்கிறார்கள், இதற்கும் பிடிக்கட்டும்.

தாளில் மட்டுமே உள்ள பழைய மலர்களைப் படம்பிடித்து, கூகிள் டிரைவில் ஏற்றி, 'கூகிள் டொக்ஸ்' மூலம் திறந்தால், படத்திலுள்ள அச்சுத் தமிழை அது எழுத்தாக மாற்றித் தரும். தெளிவான அச்சாயின் நன்றாகவே வரும். கையெழுத்தாயின் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

மலர்களை அச்சிடுவோருக்கும் ஒரு வார்த்தை. எமது அச்சகங்கள் பல நெடுங்காலம் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் அமைத்தன. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன் இடத்திற்கு வந்த இன்டிசைன் மென்பொருளின் புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதில்லை. பழைய மலரின் கோப்பு அச்சகத்தில் இருக்கிறது என்று ஆறுதலடைவோர், அதைத் திறக்கும் கணனியும் அங்கே இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இருக்கிறதாயின், இப்போதே பிடிஎப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிடிஎப் கோப்பில் எழுத்துருவும் உள்ளே அடங்கியிருந்தால், எந்தக் கணனியிலும் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். ஆனால் பாமினியில் அமைத்த பிடிஎப்பில் தேட முடியாது என்பதையும் மறக்கலாகாது.

ஒன்று போதாது

எழுத்துச் சரியாகிவிட்டது. இனிக் கோப்பு இருக்கும் இடத்தைப் பார்ப்போம்.

திருச்சபை இவ்விடயத்தில் நெடுங்கால அனுபவம் உடையது. விவாகப் பதிவேடு வைத்திருக்கும்படி 1563இல் திரிதெந்தீன் சங்கம் பங்குக் குருமாரைப் பணித்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 470ஆம் சட்டம், பங்குப் பதிவேடுகளின் உறுதிப்படுத்திய பிரதியொன்றை ஆண்டு முடிவில் ஆயர் செயலகத்திற்கு அனுப்பவேண்டும் என விதித்தது. இப்போது வழக்கிலுள்ள 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 535ஆம் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் ஆவணக்காப்பகம் இருக்க வேண்டும் என்றும், பழைய ஏடுகளும் கவனமாய்ப் பேணப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இன்று கணனி நிபுணர் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று ஒரு விதி சொல்வர். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். ஆண்டுதோறும் ஆயர் செயலகத்திற்குப் போன அந்தப் பிரதியே, வேறிடத்தில் இருக்கும் அந்த ஒன்று.

வேறிடம் என்பதன் அருமையை எமது மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்தக் காட்சியைக் கண்ட அதிர்ச்சியிலேயே தாவீது அடிகளார் உயிர் நீத்தார் என்று எம்மவர் இன்றும் சொல்வர். பிறிதோர் இடத்திற் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே பிரதியாய் இருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் மீளவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோதும், வன்னியில் 2009இலும், வீட்டுடன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் விவாகப் பத்திரத்தையும் குடும்பப் படங்களையும் இழந்தோர் எத்தனை பேர்!

ஆகவே, கணனியில் ஒன்று, தனியான வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என வைப்பது சாதாரண மக்களுக்கு ஏற்ற வழி. பென்டிரைவ் கோப்பைக் கொண்டு செல்வதற்கு நல்லது. ஆண்டுக்கணக்கிற் பேணுவதற்கு நம்பத்தக்கதன்று. மின்சாரமின்றி நெடுநாள் கிடந்தால் அதிலுள்ளவை மங்கிப்போகக் கூடும். வெளி வன்தட்டைப் பிரதி எடுத்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். எப்போதும் கணனியிற் பொருத்தியே வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நாசகார மென்பொருள் வரும்போது அதையும் சேர்த்தே பூட்டிவிடும். 2017 மே மாதத்தில் பல நாடுகளின் வைத்தியசாலைகளையும் அலுவலகங்களையும் முடக்கிய 'வன்னாகிறை' இத்தகையதே.

இணையச் சேமிப்பில் கூகிள் 15 கிகாபைற் அளவை இலவசமாய்த் தருகிறது. மின்னஞ்சலும் படங்களும் கோப்புகளும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். எழுத்துக் கோப்புகளுக்கு இது தாராளம். காணொளிகளை ஏற்றினால் விரைவில் நிரம்பும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணனியிலுள்ள கோப்புறையை இணையச் சேமிப்புடன் இணைத்து வைத்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கூகிள் டிரைவின் குப்பைக் கூடையில் அது 30 நாட்கள் இருக்கும். அதன் பின்னர் இல்லை. எனவே இணைத்து வைத்தால் மாத்திரம் போதாது. கழற்றி வைத்த வன்தட்டும் வேண்டும்.

கோப்புக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதியை முதலிற் போட்டால் கோப்புகள் தாமாகவே கால ஒழுங்கில் நிற்கும். 'புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயரிட்ட மூன்று கோப்புகளுள் எது கடைசி என்று எழுதியவருக்கே மறுமாதம் தெரிவதில்லை.

யார் கையில் திறவுகோல்?

கோப்புகள் அழியாதிருந்தும் ஒருவராலும் திறக்க முடியாத நிலை உண்டாகிறது. அண்மைக்காலத்தில் பெருகிவரும் தொல்லை இதுவே. பங்கின் பெயரால் மின்னஞ்சற் கணக்கு ஒன்றை இளைஞர் ஒருவர் ஆர்வத்துடன் தொடங்குவார். தமது கைத்தொலைபேசி இலக்கத்தையே கொடுப்பார். கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடத்தில் அவர் வெளிநாடு போய்விடுவார், இலக்கம் கைவிடப்படும். அதன் பின்னர் பங்குத்தந்தை எத்தனை முறை முயன்றாலும், கூகிள் அந்த இலக்கத்திற்கே குறியீட்டை அனுப்பும். இளைஞரிற் குற்றமில்லை, வேலையை ஒருவர் தலையில் விட்டுவிட்ட சபையிலேயே குற்றம்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கணக்கு பங்கின் சொந்த இலக்கத்தில் இருக்க வேண்டும். இரு படிச் சரிபார்ப்பு என்ற பாதுகாப்பைக் கட்டாயம் இயக்க வேண்டும். கடவுச்சொல்லைத் திருடியவரும் கைத்தொலைபேசி இன்றி உட்புக முடியாதபடி அது தடுக்கும். அதை இயக்கியவர்களுக்குக் கூகிள் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்துக் குறியீடுகளைத் தரும். கைத்தொலைபேசி தொலைந்த நாளில் அவற்றுள் ஒன்றைக் கொடுத்து உள்ளே போகலாம். ஒரு குறியீடு ஒரு தடவைக்கே செல்லும். இவற்றைத் தாளில் எழுதி, கடவுச்சொல்லுடன் உறையிலிட்டு ஒட்டி, பங்கின் இரும்புப் பெட்டியில் பதிவேடுகளுடன் வைத்துவிடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதலாகாது என்று சொல்லித் தரும் ஆசிரியர்களும் உளர். கணனித் திரையின் ஓரத்தில் ஒட்டுவதையே அவர்கள் தடுக்க வேண்டும். பூட்டிய பெட்டியிலிருக்கும் தாளை வெளிநாட்டுத் திருடன் வாசிக்க முடியாது. பங்குத்தந்தை மாற்றலாகிச் செல்லும் நாளில் திறவுகோற் கொத்துடன் இந்த உறையும் கைமாற வேண்டும். புதியவர் கடவுச்சொல்லை மாற்றி, புதிய உறை வைப்பார்.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? ஆலயப் பாதுகாவலரின் பெயரும் திருவிழாத் திகதியும் சேர்ந்ததாக மட்டும் இருக்கலாகாது. ஊரிலுள்ள அனைவரும் முதலில் முயன்று பார்ப்பது அதுவே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு, ஐந்து சொற்களைச் சேர்த்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் அரிது. மின்னஞ்சலுக்கு வைத்ததை வேறெதற்கும் வைக்கக் கூடாது. குறியீட்டைக் கேட்டு எவர் தொலைபேசி எடுத்தாலும், தெரிந்தவர் பெயரில் வட்ஸ்அப் செய்தி வந்தாலும், சொல்லக் கூடாது. கேட்பவர் உண்மையில் அந்தத் தெரிந்தவராக இருப்பதில்லை. அவருடைய கணக்கு முன்னரே திருடப்பட்டிருக்கும்.

இரண்டு வருடம் தொடர்ந்து பாவிக்கப்படாத தனிப்பட்ட கணக்குகளை, அவற்றிலுள்ள கோப்புகளுடன் நீக்கக்கூடும் என்று 2023இல் கூகிள் அறிவித்தது. எனவே பேணுவதற்கென்றே திறந்து வைத்த கணக்கை ஆண்டுக்கு இரு தடவையேனும் திறந்து பார்க்க வேண்டும். தவக்காலத் தொடக்கத்திலும் திருவருகைக் காலத் தொடக்கத்திலும் என்று வைத்துக்கொண்டால் மறவாது. அதே நாளில் வன்தட்டையும் பொருத்தி, ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது. பிரதி இருக்கிறது என்ற நம்பிக்கை வேறு. பிரதி திறக்கிறது என்ற அறிவு வேறு.

கணனியின் நிலை பற்றியும் சுருக்கமாய்ச் சொல்லலாம். விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் முடித்தது. அக்கணனிகள் தொடர்ந்து இயங்கும். ஆனால் வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. புதிய கணனி வாங்க இயலாத இடத்தில் லினக்ஸ் மின்ற் என்ற இலவசத் தொகுதியைப் பழைய கணனியில் நிறுவலாம். கடிதம், கணக்கு எழுதுவதற்கு லிப்ரே ஒபிஸ் இலவசமாய் உண்டு. வேர்ட் கோப்புகளையும் அது திறக்கும். பூட்டுடைத்த திருட்டு மென்பொருளைப் பங்குக் கணனியில் ஏற்றுவது எமது பணிமனைகளில் சாதாரணமாகிவிட்டது. ஏழாம் கட்டளையை ஞாயிறு தோறும் போதிக்கும் வீட்டில் அது பொருந்தாது என்பது ஒருபுறமிருக்க, பூட்டுடைத்தவன் தன் கைச்சரக்கையும் அதனுள் வைத்தே அனுப்புகிறான். இலவசமாய் நேர்மையான வழி இருக்கையில் இதற்கு என்ன அவசியம்?

அந்தரங்கமற்ற மலர்களையும் வரலாறுகளையும் பங்குக்கு வெளியேயும் கொடுத்து வைக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழரின் நூல்கள், இதழ்கள், மலர்கள் ஆகியவற்றைச் சேர்த்து எவரும் இலவசமாய் வாசிக்கும்படி இணையத்தில் வைத்துள்ளது. எமது ஆலய மலர்கள் அங்கே சேர்ந்தால், கனடாவிலுள்ள பேரனும் தன் பாட்டனாரின் பெயரை அதிலே காண்பான்.

இவ்வளவும் செய்த பின்னரும் தாளை விட்டுவிட வேண்டாம். முக்கியமான கோப்பு ஒவ்வொன்றையும் அச்சிட்டு ஒரு பிரதி வையுங்கள். மை தெளிக்கும் அச்சுப்பொறியில் எடுத்தது ஈரம் பட்டால் பெரும்பாலும் கரையும். லேசர் அச்சு கரையாது. எமது கரையோரக் காற்றுக்கு லேசரே ஏற்றது. முதற் பக்கத்தின் அடியில் கோப்பின் பெயரையும், அது இருக்கும் இடங்களையும், அச்சிட்ட திகதியையும் பேனையால் எழுதி வைத்தால், பின்னர் வருபவர் எங்கே தேடுவது என்று அறிந்துகொள்வார்.